உளிக்கு முன்னால் பென்சில்

கேள்வி: எங்கள் வீடு கட்டி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அறைக்கு ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கிறது. இப்போது சமையலறையில் இரண்டு, படுக்கையறையில் ஏசிக்கு ஒன்று, பிள்ளைகள் படிக்கும் மேசை பக்கம் ஒன்று என நான்கு பாயிண்ட் புதிதாக வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் கேட்டால், “சுவரை வெட்டி ரெடியாக வைத்திருங்கள், நான் வந்து பைப் போட்டு வயர் இழுத்துவிடுகிறேன்” என்கிறார். கட்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்து நானே வெட்டலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் வெட்ட வேண்டும்? பழைய பாயிண்டிலிருந்து புதிய பாயிண்டுக்குச் சாய்வாக வெட்டினால் பைப்பும் வேலையும் மிச்சம் என்கிறார் என் சித்தப்பா. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சுவர், அதை வெட்டலாமா? பூசிய இடம் பிறகு கோடு கோடாக விரிசல் விடாமல் இருக்க என்ன செய்வது?

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தில் ஆழம், அகலம் பற்றிய கேள்விகளுக்கு முன்னால் என் கண்ணில் பட்டது “வெட்டி ரெடியாக வைத்திருங்கள்” என்ற வரிதான். எங்கே வெட்ட வேண்டும் என்று அவர் வந்து கோடு போட்டுக் கொடுத்தாரா? கடிதத்தில் அது இல்லை. போடவில்லை என்றால் மெஷினை இன்னும் எடுக்காதீர்கள். காடி, அதாவது பைப் போகச் சுவரில் எடுக்கும் பள்ளம், வெட்டுவது ஒரு நாள் வேலை. காடி எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்ய அதைவிட அதிக நேரம் ஆனாலும் தப்பில்லை. வெட்டி, பூசி, பெயின்ட் அடித்த பிறகு “இந்தப் பக்கம் வைத்திருக்கலாமே” என்று சொல்லாத வீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

அவரை ஒரு மணி நேரம் வரச் சொல்லுங்கள். கையில் பென்சில், டேப், ரசமட்டம் போதும். எந்தப் பாயிண்டுக்கு எத்தனை வயர், எந்த அளவு பைப், சுவிட்சும் சாக்கெட்டும் உட்காரும் பெட்டி எத்தனை மாடுல் பாக்ஸ், எல்லாம் எங்கிருந்து கிளம்புகிறது என்று அவர்தான் சொல்ல வேண்டும். இது தெரியாமல் நீங்கள் வெட்டும் காடி இரண்டில் ஒன்றாகத்தான் முடியும்: பைப் உள்ளே போகாது, அல்லது தேவையில்லாமல் சுவர் கிழிந்திருக்கும். வரமாட்டேன் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். தயக்கமே வேண்டாம்.

அவர் வருவதற்குள் நீங்கள் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பாயிண்டிலும் என்ன செருகப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். சாமானின் பின்பக்கம் வாட்ஸ் போட்டிருக்கும். அதை வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட் வரும் வீட்டில் 2000 வாட்ஸ் கெட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். பக்கத்தில் இன்னொரு 2000 வாட்ஸ் அடுப்பையும் போட்டால் 17 ஆம்பியரைத் தாண்டிவிடும். இந்தச் சுமையை விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்ட பழைய மெல்லிய வயரிலிருந்து இழுத்தால் சுவருக்குள் வயர் சூடாகிக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் சமையலறை பாயிண்டுகளுக்குப் பழைய பாயிண்டிலிருந்து எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். சுமை மிஞ்சினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சுகள் வரிசையாக இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து, அதாவது வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியிலிருந்து, தனி லைன் வர வேண்டும். பொதுவாக 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போடுவார்கள். ஏசிக்கும் தனி லைன், தனி எம்சிபி. அதற்கு 4 சதுர மி.மீ. வரை போவது வழக்கம். தூரத்தையும் ஏசியின் அளவையும் பார்த்து எலக்ட்ரீஷியன் முடிவு செய்யட்டும்.

படிப்பு மேசைக்கு மட்டும் பக்கத்துப் பாயிண்டிலிருந்து எடுக்கலாம். ஆனால் அந்தப் பழைய பாயிண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான். மூன்று துளை இருக்கிறது என்பதற்காக மூன்றாவதில் எர்த் வயர் வந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பழைய வீடுகளில் மேலே பளபளவென்று மூன்று பின் சாக்கெட், உள்ளே எர்த் டெர்மினல் காலி என்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வயர் இன்சுலேஷன் தொட்டால் உதிர்கிறதா, அலுமினிய வயரா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். எர்த் இல்லை, அல்லது வயர் நைந்திருக்கிறது என்றால் இந்தப் பாயிண்டுக்கும் டிபி பாக்ஸ் வரை காடி வெட்ட வேண்டியதுதான். சுவரைத் தொடுவதற்கு முன் இதெல்லாம் ஏன் என்று கேட்பீர்கள். காடியின் நீளத்தையும் திசையையும் முடிவு செய்வது இந்தக் கணக்குதான்.

அப்புறம் இடம். பாக்ஸ் அளவில் ஒரு அட்டையை வெட்டி, நினைத்த இடத்தில் ஒட்டி இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். மேசையை இழுத்துப் போட்டுப் பாருங்கள், அலமாரிக் கதவைத் திறந்து பாருங்கள். கட்டிலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் சாக்கெட் எத்தனை வீட்டில் இருக்கிறது தெரியுமா! சமையலறையில் மேடைக்கு மேல் 200 முதல் 300 மி.மீ. உயரம் வசதி. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் குறைந்தது 300 மி.மீ. தள்ளி இருக்கட்டும், இன்னும் தள்ளினால் இன்னும் நல்லது. அடுப்புக்கு நேர் மேலேயோ பின்னாலேயோ வேண்டவே வேண்டாம். ஒயர் தீயின் மேல் தொங்கும், ஆவியும் எண்ணெயும் சாக்கெட்டுக்குள் போகும். படிப்பு மேசைப் பாயிண்ட் மேசைப் பலகைக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் பிள்ளைகள் மேசைக்கு அடியில் தவழ வேண்டியதில்லை. ஏசி பாயிண்டை ஏசி வரும் இடத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் பின்னால் வைத்தால் பிளக்கைப் பிடுங்க ஏசியையே கழற்ற வேண்டி வரும்.

இப்போது சித்தப்பாவின் யோசனை. கணக்குப் போட்டே பார்ப்போம். புதிய பாயிண்ட் பழையதிலிருந்து பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர், உயரத்தில் ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். நேராகப் போய்த் திரும்பினால் இரண்டரை மீட்டர். சாய்வாகப் போனால் ஏறக்குறைய 1.8 மீட்டர். மிச்சம் 70 செ.மீ. பைப். அவ்வளவுதான். இதற்குக் கொடுக்கும் விலை என்ன? இன்னும் சில வருடம் கழித்து யாரோ ஒருவர், நீங்களாகவே இருக்கலாம், அந்தச் சுவரில் படம் மாட்ட டிரில்லிங் மெஷினை வைப்பார். சுவருக்குள் வயர் எங்கே போகும் என்று யோசிக்கும் எவரும் சாக்கெட்டுக்கு நேர் மேலேயும், நேர் கீழேயும், நேர் பக்கவாட்டிலும்தான் தவிர்ப்பார். நடுச்சுவரில் குறுக்கே ஒரு லைன் ஓடும் என்று யாருக்கும் தோன்றாது. ஒரு வீட்டில் சுவர்க் கடிகாரத்துக்கு அடித்த ஆணி நேராகப் பேஸ் வயரில் இறங்கியது. ஆணியில் கரண்ட் வந்தது உடனே யாருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்துக் கடிகாரத்துக்கு பேட்டரி மாற்றப் போனவருக்குத்தான் தெரிந்தது. நல்லவேளை, கையை உதறியதோடு போனது. அங்கே பைப் சாய்வாகப் போட்டிருந்தார்கள்.

ஆகவே காடி செங்குத்தாக இறங்கும், அல்லது மட்டமாகப் போகும். மூன்றாவது வழி கிடையாது. முடிந்தவரை செங்குத்தையே பிடித்துக்கொள்ளுங்கள். டிபி பாக்ஸிலிருந்து மேலே ஏறி, கூரைக்குக் கீழே சுவர் ஓரமாகவே போய், பாயிண்டுக்கு நேர் மேலே வந்ததும் கீழே இறங்கினால் ஆணி அடிக்கும் உயரத்தில் மட்டமான பைப்பே இருக்காது. கூரையின் கீழ் 150 மி.மீ.க்குள்ளும், சுவர் மூலையிலிருந்து 150 மி.மீ.க்குள்ளும் வயர் போகலாம் என்று சில நாட்டு விதிகளே சொல்கின்றன. மேலே பீம் இருந்தால் அதில் வெட்டக் கூடாது, பீமுக்குக் கீழே போங்கள்.

மெல்லிய சுவர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் நான் அதிகம் யோசித்தது இதைத்தான். காடியின் ஆழத்துக்கு நாங்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல் இது: செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மட்டக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. காரணம் எளிது. செங்குத்தாக வெட்டினால் இரண்டு பக்கமும் உள்ள சுவர் தன் எடையைத் தானே கீழே இறக்கிக்கொள்ளும். மட்டமாக வெட்டினால் மேலே இருக்கும் அத்தனை வரிசைச் செங்கலுக்கும் இடுப்பில் அறுத்தது போல. இனி உங்கள் சுவருக்கு வருவோம். அரைச் செங்கல் சுவரில் பூச்சை நீக்கிப் பார்த்தால் செங்கல் சுமார் 110 மி.மீ. கனம்தான். 20 மி.மீ. பைப்பைப் போட்டு மேலே 15 மி.மீ. கலவை மூட வேண்டும் என்றால் காடி 35 மி.மீ. ஆழம். பூச்சு ஒரு 12 மி.மீ. போனால் செங்கலுக்குள் 23 மி.மீ. இறங்கும். மூன்றில் ஒரு பங்கு என்பது 36, ஆகவே செங்குத்தாகப் போகலாம். ஆறில் ஒரு பங்கு 18தான், ஆகவே மட்டமாகப் போகக் கூடாது. ஒரு செங்கல் கனமுள்ள 230 மி.மீ. சுவரில் ஆறில் ஒரு பங்கே 38 வருவதால் அங்கே இந்தக் கவலை இல்லை.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த மெல்லிய சுவர் அறையைப் பிரிக்க மட்டும் கட்டியதா, மேலே கூரையையோ பீமையோ தாங்குகிறதா என்று தெரிய வேண்டும். அரைச் செங்கல் சுவரில் காடியே கூடாது என்று சொல்லும் பொறியாளர்கள் உண்டு. சுவர் சுமை தாங்குவதாக இருந்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. சந்தேகம் இருந்தால் ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டு உளியை எடுங்கள்.

அதே சுவரில் இன்னொரு கண்ணி. சமையலறைப் பக்கம் ஒரு பாக்ஸ், அதே இடத்தில் படுக்கையறைப் பக்கம் ஒரு பாக்ஸ் என்று முதுகோடு முதுகு வைக்க ஆசை வரும். பாக்ஸ் ஒவ்வொன்றும் 45 முதல் 50 மி.மீ. ஆழம். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் நடுவில் சுவர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது, சத்தம்கூட அந்த ஓட்டை வழியாகவே போகும். ஒன்றுக்கொன்று ஒரு முழுச் செங்கலாவது தள்ளி வையுங்கள்.

வெட்டவே கூடாத இடம் என்றால் சுவருக்கு மேலேயே பைப்போ, மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டையான கேசிங் கேப்பிங்கோ ஓட்டலாம். அழகாக இருக்காது என்று பலர் முகம் சுளிப்பார்கள். கதவு ஓரம், அலமாரி ஓரம் பார்த்து நேராக அடித்துச் சுவர் நிறத்தையே பூசினால் ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். தூசியும் கிடையாது, பூச்சும் கிடையாது, பிறகு இன்னொரு வயர் சேர்ப்பதும் எளிது. என் வீட்டில் ஒரு சுவரில் அப்படித்தான் இருக்கிறது.

தூண், பீம், ஜன்னல் கதவுக்கு மேலே இருக்கும் லிண்டல், கூரைத் தளம், இந்தக் கான்கிரீட் பகுதிகளில் காடி வெட்டாதீர்கள். கம்பி அறுபடும். அறுபடாவிட்டாலும் மேலே இருந்த கான்கிரீட் மூடி போனதால் கம்பி துருப்பிடித்து உப்பி, பக்கத்துக் கான்கிரீட்டையும் பெயர்த்துத் தள்ளும். பூசிய சுவரில் எது தூண், எது செங்கல் என்று எப்படித் தெரியும்? மெல்லிய டிரில் பிட்டால் ஒரு சின்னத் துளை போடுங்கள். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் வந்து, பிட் இறங்க மறுத்தால் கான்கிரீட். வெள்ளையாக மாவு போல வந்து பிட் வெண்ணெயில் போவது போல இறங்கினால் இலகு பிளாக். அதில் உளி சுத்தியல் வேண்டாம், அறுத்தும் சுரண்டியுமே எடுத்துவிடலாம். கொஞ்சம் போய்த் திடீரென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஹாலோ பிளாக். அதன் முகப்பு மெல்லியது. சுத்தியலால் அடித்தால் கை அகலத்துக்கு உடைந்து உள்ளே விழும். அங்கே மெஷினால் மட்டுமே வெட்ட வேண்டும். ஆனால் துளை போடுவதற்கு முன் அடுத்த பத்தியைப் படித்துவிடுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்தால் வீட்டில் கரண்ட் இல்லை என்று நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருக்கிறதா? சோலார்? மெயினை அணைத்த அதே நொடியில் இன்வெர்ட்டர் தன் பங்குக்கு அதன் லைன்களுக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். மெயின், இன்வெர்ட்டர், சோலார் எல்லாவற்றையும் அணைத்து, இன்வெர்ட்டரிலிருந்து போகும் லைனையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு துண்டித்துவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும். அணைத்த பிறகும் சோதிக்க வேண்டும். சோதிக்கும் கருவியை முதலில் கரண்ட் உள்ள ஒரு பாயிண்டில் வைத்து வேலை செய்கிறதா பாருங்கள். பிறகு அணைத்த பாயிண்டில் வையுங்கள். மறுபடியும் கரண்ட் உள்ள இடத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் கருவியே செத்துப்போயிருந்தால் அப்போதுதான் தெரியும். எரியும் டெஸ்டரை நம்பலாம், எரியாத டெஸ்டரை நம்பக் கூடாது. ஸ்குரூ டிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டரைவிட இரண்டு முனையுள்ள டெஸ்டரோ மல்டிமீட்டரோ மேல்.

கட்டிங் மெஷினுக்குக் கரண்ட் வேண்டுமே என்பீர்கள். வெட்டும் சுவரின் லைன்களைத் துண்டித்தபடியே வைத்து, அதற்குச் சம்பந்தமில்லாத ஒரு லைனுக்கு மட்டும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு கரண்ட் கொடுத்து, கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே விழும் ஆர்சிசிபி சுவிட்ச் வழியாக எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வயர் எந்த வழியாக ஓடுகிறது என்று எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து சுவரில் சிவப்புக் கோடு போட்டு வையுங்கள். இதற்கென்று சுவர் டிடெக்டர் உண்டு, ஆனால் கனமான பூச்சுக்குப் பின்னால் அது சில நேரம் ஏமாற்றும். சுவரின் மறுபக்கம் குளியலறையோ தொட்டியோ இருந்தால் தண்ணீர்க் குழாயும் அதே சுவரில் இருக்கலாம். குழாய் வாயிலிருந்து நேர் மேலும் கீழும் விட்டுவிடுங்கள். ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயின்ட் உரியும் சுவரில் பாயிண்டே வேண்டாம். கசிவைச் சரி செய்து, சுவர் உலர்ந்த பிறகு பார்க்கலாம்.

இனி நீங்கள் கேட்ட அளவு. 20 மி.மீ. பைப் ஒன்று போக 28 முதல் 30 மி.மீ. அகலம், 35 மி.மீ. ஆழம். 25 மி.மீ. பைப் என்றால் இரண்டிலும் 5 கூட்டுங்கள், ஆனால் மெல்லிய சுவரில் 25 வேண்டாம். இரண்டு பைப் சேர்ந்து போனால் ஒட்டி வைக்காதீர்கள். நடுவில் 10 மி.மீ.யாவது இடைவெளி இருந்தால்தான் கலவை உள்ளே போய்ப் பிடிக்கும். திருப்பத்தில் காடியின் உள்மூலையைக் கொஞ்சம் வளைத்து வெட்டிவிடுங்கள். சட்டென்று மடங்கும் எல்போவில் வயர் மாட்டிக்கொள்ளும், நீளமான பெண்டுதான் சரி. ஒரு பாக்ஸிலிருந்து அடுத்த பாக்ஸுக்குள் இரண்டு திருப்பத்துக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைக்கச் சொல்லுங்கள்.

கோட்டின் இரு ஓரத்திலும் டைமண்ட் பிளேடால் இணையாக வெட்டி, நடுவில் இருப்பதை உளியால் பெயர்க்க வேண்டும். இரண்டு பிளேடு சேர்ந்த, தூசி உறிஞ்சும் குழாய் மாட்டக்கூடிய வால் சேசர் வாடகைக்குக் கிடைத்தால் அதையே எடுங்கள். ஆழத்தை அதிலேயே நிறுத்தி வைக்கலாம். சாதாரண கிரைண்டர்தான் என்றால் பிளேடை மூடும் கார்டைக் கழற்றாதீர்கள், இரண்டு கையாலும் பிடியுங்கள், மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டாதீர்கள். ஒரே மூச்சில் முழு ஆழத்துக்கு அழுத்தாமல் இரண்டு மூன்று தடவையாக இறக்குங்கள். பிளேடு சிக்கினால் மெஷின் உங்கள் பக்கம் எகிறும். ஏணி மேல் நின்று கிரைண்டர் பிடிப்பது எனக்கே பிடிக்காத வேலை. கூரை ஓரத்துக் காடிக்கு அகலமான சாரப் பலகை போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை மட்டும் ஆளை வைத்து வெட்டுங்கள்.

தூசியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். செங்கல், கலவை, கான்கிரீட் எதை வெட்டினாலும் சிலிக்கா தூள் பறக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய அந்தத் தூள் நுரையீரலில் தங்கிவிடும், வெளியே வராது. வருடக்கணக்கில் வெட்டுகிறவர்களுக்கு சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருவது இதனால்தான். ஒரு நாள் வேலைக்கும் கைக்குட்டை கட்டினால் போதாது. என்95 தரத்திலாவது மாஸ்க், முகத்தில் இடைவெளி இல்லாமல். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான். பிள்ளைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், கதவு இடுக்குகளை டேப்பால் ஒட்டுங்கள், ஃபேன் போடாதீர்கள். தூசி அடங்கத் தண்ணீர் ஊற்றலாமே என்று சிலர் கேட்பார்கள். தண்ணீருக்கென்றே செய்த மெஷின் இல்லாவிட்டால் அது கரண்டையும் தண்ணீரையும் கையில் ஒன்றாகப் பிடிப்பதுதான்.

பாக்ஸ் குழியை எடுத்ததுமே சுத்தியலால் அடித்துத் தொடங்காதீர்கள். பாக்ஸைவிட எல்லாப் பக்கமும் 5 மி.மீ. பெரிதாகக் கோடு போட்டு, கோட்டின் மேல் நெருக்கமாகத் துளைகள் போட்டு, பிறகு உளியைச் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன அடியாக எடுங்கள். மெல்லிய சுவரில் பலமாக அடித்தால் மறுபக்கப் பூச்சு தட்டுத் தட்டாகக் கழன்று விழும். மறுபக்கத்தில் மாட்டிய படம், அலமாரியில் இருக்கும் கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் முதலிலேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

பைப், பாக்ஸ் பொருத்துவது எலக்ட்ரீஷியன் வேலை. நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பாக்ஸின் முன் விளிம்பு, எல்லா வேலையும் முடிந்த பிறகு சுவர் எங்கே நிற்குமோ அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். வெளியே நீட்டினால் பிளேட் உட்காராது. ரொம்ப உள்ளே போனால் ஸ்குரூ எட்டாது. இதில் நான் ஒரு முறை அசடு வழிந்திருக்கிறேன். சமையலறையில் டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள் என்று கேட்காமல் பூச்சு மட்டத்தில் ஏழு பாக்ஸ் வைத்துவிட்டேன். டைல்ஸும் பசையும் சேர்ந்து எல்லாப் பாக்ஸும் உள்ளே போய்விட்டன. நீள ஸ்குரூ தேடி அலைந்ததோடு, டைல்ஸ் ஆளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பூசும் முன் பாக்ஸுக்குள் காகிதமோ தெர்மோகோலோ அடைத்து, பைப் வாயில் டேப் ஒட்டிவிடுங்கள். பைப்புக்குள் கலவை போய் இறுகிவிட்டால் மறுபடி உடைப்பதைத் தவிர வழியில்லை. படிப்பு மேசைக்கு இன்டர்நெட் கேபிள் வர வேண்டும் என்றால் அதற்குத் தனி பைப் இப்போதே போட்டுக்கொள்ளுங்கள். கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் போகக் கூடாது.

பூசுவதற்கு முன் ஒரு வேலை. பைப் தெரிகிறபோதே, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் டேப்பை நீட்டி வைத்து, ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுங்கள். ஒரு பிரதியை டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். நாளைக்கு வீட்டை வாங்குகிறவருக்கும் அது உதவும்.

இனி விரிசல். காடிப் பூச்சு வெடிப்பதற்குப் பெரும்பாலும் கலவையைக் குறை சொல்கிறார்கள். நான் பார்த்தவரை காரணம் தூசிதான். காடிக்குள் வெட்டிய தூள் ஒட்டியிருக்கும்போதே கலவையை அப்பினால் அது தூளைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துத் தூசியை எடுத்து, காடியையும் இரு ஓரத்தையும் நனைத்துவிடுங்கள். நனைக்காத செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமென்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது. நனைக்கும்போதும் சுவரில் எந்த லைனிலும் கரண்ட் இருக்கக் கூடாது, சொல்ல வேண்டியதில்லை. ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு சலித்த மணல் போதும். சிமென்டைக் கூட்டினால் உறுதி என்று நினைத்து அள்ளிப் போடாதீர்கள், அதிக சிமென்ட் அதிகமாகச் சுருங்கும், சுருங்கினால் ஓரத்தில் கோடு விழும். பைப்புக்குப் பின்னாலும் பக்கத்திலும் கலவை போகும்படி அழுத்தி முதல் தடவை முக்கால் ஆழம் நிரப்புங்கள். அது இறுகிய பிறகு மிச்சத்தை நிரப்புங்கள். ஒரேயடியாக 35 மி.மீ. அப்பினால் தன் எடையிலேயே கலவை தொய்ந்துவிடும்.

இரண்டு தடவைக்கும் நடுவில் வலை. காடியின் இருபுறமும் 50 முதல் 75 மி.மீ. பழைய சுவர் மேல் ஏறும்படி, துருப்பிடிக்காத கோழி வலையோ ஃபைபர் வலையோ வைத்துப் பூச வேண்டும். வலை பழைய பூச்சுக்கு மேல் புடைத்துத் தெரியாமல் இருக்க, இருபுறமும் அந்த அகலத்துக்குப் பழைய பூச்சைக் கொஞ்சம் சுரண்டி எடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் விடுகிற இடம் இதுதான். சுரண்டச் சோம்பல்பட்டுக் காடி அகலத்துக்கு மட்டும் வலையை நறுக்கி வைப்பார்கள். அப்படி வைத்த வலைக்கு வேலையே இல்லை, விரிசல் அதன் ஓரமாகப் போய்க்கொள்ளும். வலைக்கு ஆணி அடிக்கும்போது பைப்பில் அடித்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது.

பூசிய பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும். அந்த நாட்களில் பாக்ஸுக்குள் வயர் எதுவும் இருக்கக் கூடாது. சுவர் உலர்ந்த பிறகே எலக்ட்ரீஷியனை வயர் இழுக்கக் கூப்பிடுங்கள். இணைப்புக் கொடுக்கும் முன் அவரிடம், வயரின் உறை கரண்ட் கசியாமல் தாங்குகிறதா என்று பார்க்கும் மெக்கர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்: 500 வோல்ட்டில் இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். புது வயரில் அதைவிடப் பல மடங்கு காட்டும். ஒரு மெகாஓமுக்குப் பக்கத்தில் நின்றால் எங்கோ வயர் உரிந்திருக்கிறது, அல்லது பைப்புக்குள் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். எர்த் ஒவ்வொரு பாயிண்டுக்கும் வந்திருக்கிறதா, பேஸும் நியூட்ரலும் மாறாமல் இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். மெட்டல் பாக்ஸ் என்றால் பாக்ஸுக்கும் எர்த் கொடுத்திருக்க வேண்டும். காடியை நீங்கள் வெட்டலாம். இணைப்பை நீங்கள் கொடுக்கக் கூடாது, அது உரிமம் உள்ளவர் வேலை.

பட்டி அடிக்கவும் பெயின்ட் அடிக்கவும் அவசரப்படாதீர்கள். காடிப் பூச்சு சுற்றியுள்ள சுவரைவிடக் கருப்பாகத் தெரியும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது. நான்கு வாரம் விட்டால் நிம்மதி. அதற்குள் மெல்லிய மயிர்க்கோடு ஏதாவது வந்தால் அப்போதே வந்துவிடட்டும், பட்டியில் அடைத்துவிடலாம். பெயின்டரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.